ஆள் வராத மேடையில் ஏறியவர்

வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் போகிற போக்கில் ஜூபின் மேத்தாவைப் பற்றி, அதாவது பம்பாயில் பிறந்து உலகின் பெரிய மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராக்களை நடத்திய கண்டக்டரைப் பற்றி, நாலு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு செருப்பு டப்பா நிறைய இருக்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்க அவரே. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் இருபத்தேழு வருஷம் வயலின் வாசித்தவன். இரண்டாம் வயலின் வரிசை, கடைசிக்கு முந்தின நாற்காலி. மேத்தாவை நேரில் சந்தித்ததில்லை. ஆனால் வாத்தியக்காரர்களுக்கு முன்னால் நின்று கை காட்டி நடத்தும் கண்டக்டர் என்ற ஆளைத் தினமும் எதிரே பார்த்துப் பிழைத்தவன். அந்த அளவுக்கு என் பதில்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியக்காரர்கள் எல்லோரும் தாளைப் பார்த்துத்தானே வாசிக்கிறார்கள்? முன்னால் ஒருவர் நின்று கையை ஆட்டுவது எதற்கு? அவர் இல்லாவிட்டால் கச்சேரி நின்றுபோகுமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

நிற்காது அம்மா. 1922-ல் மாஸ்கோவில் கண்டக்டரே வேண்டாம் என்று ஒரு ஆர்கெஸ்ட்ரா தொடங்கினார்கள். 'பெர்சிம்ஃபான்ஸ்' என்று பெயர். எல்லோரும் சமம், தலைவன் எதற்கு என்பது அவர்கள் கட்சி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி வட்டமாக உட்கார்ந்து, பத்து வருஷம் நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் மற்றவர்கள் ரெண்டு மூன்று ஒத்திகையில் முடிப்பதற்கு இவர்களுக்கு எத்தனையோ ஒத்திகை வேண்டியிருந்தது. எண்பது பேர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருவது என்றால் சும்மாவா?

தாள் விஷயத்துக்கு வருகிறேன். என் முன்னால் இருக்கும் தாளில் என் பங்கு மட்டும்தான் இருக்கும். பக்கத்தில் செல்லோ என்ன வாசிக்கிறது, பின்னால் கொம்பு வாத்தியம் எப்போது நுழைகிறது என்பதெல்லாம் அதில் கிடையாது. அத்தனை பேர் பங்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக, இருபது முப்பது வரிசையாக அச்சடித்த புத்தகம் ஒருவர் கையில்தான் உண்டு. அதுதான் ஸ்கோர். மற்ற எல்லோரும் கதையில் தன் வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்.

கூடத்தில் நான் சேர்ந்த முதல் வாரம். ஒரு பின்னணி இசைத் துண்டில் எனக்கு முப்பத்திரண்டு 'பார்' ஓய்வு. அதாவது முப்பத்திரண்டு அளவு சும்மா எண்ணிக்கொண்டு இருந்துவிட்டு, சரியாக அடுத்ததில் நுழைய வேண்டும். பதினெட்டோ பத்தொன்பதோ எண்ணும்போது முன்வரிசையில் யாரோ இருமினார்கள். எண்ணிக்கை போச்சு. வில்லைத் தந்திமேல் வைத்துக்கொண்டு வியர்த்துப்போய் நிமிர்ந்து பார்த்தேன். கண்டக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை, புல்லாங்குழல்காரரோடு ஏதோ கண்ணால் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் சட்டென்று எங்கள் வரிசையைப் பார்த்தார், மோவாயை ஒரு அங்குலம் உயர்த்தினார், மூச்சை உள்ளே இழுத்தார். அந்த மூச்சு முடிந்த இடத்தில் பன்னிரண்டு வில்லும் ஒன்றாக விழுந்தன. என்னுடையதும்தான்.

அதுதான் அந்த வேலை. வலது கை தாளத்தைக் காட்டும். நாலு எண்ணிக்கைக்கு முதலில் கீழே, பிறகு இடம், வலம், மேலே. இடது கை 'நீ கொஞ்சம் அடங்கு, நீ வா' என்று சொல்லும். இதை ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். கஷ்டமான இடம் வேறு. சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறோமே, நாம் நடந்துகொண்டிருப்பதைப் போடுகிறோம். கண்டக்டர் இன்னும் நடக்காததைப் போட வேண்டும். காதில் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும், கை அதற்கு அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்தக் குச்சி எதற்கு சார்?
- கல்லூரி மாணவர், ஈரோடு

தூரத்தில் இருப்பவனுக்குக் கை நுனி தெரியாது, குச்சி நுனி தெரியும். அவ்வளவுதான். இந்தக் குச்சி 19-ம் நூற்றாண்டில்தான் பரவியது. அதற்கு முன் பிரான்சில் லல்லி என்ற இசையமைப்பாளர் பெரிய தடியால் தரையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் தடி அவர் கால் விரலிலேயே இறங்கியது. புண் அழுகி, 1687-ல் இறந்தே போனார். இப்போதைய குச்சியால் யாருக்கும் ஆபத்து இல்லை.

மேற்கத்திய இசைக்குப் பம்பாயில் ஏது இடம்? மேத்தாவுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஜூபினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு மகனைவிட அப்பாவைத்தான் பிடிக்கும் என்றுகூடச் சொல்லுவேன்.

மெஹ்லி மேத்தா, பார்சி. 1908-ல் பிறந்தவர். வயலினைப் பெரும்பாலும் தானே கற்றுக்கொண்டார். 1935-ல் பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்று ஒன்றைத் தொடங்கினார். அடுத்த வருஷம் ஏப்ரல் 29-ம் தேதி ஜூபின் பிறந்தார். ஆக, ஆர்கெஸ்ட்ரா மூத்த பிள்ளை மாதிரி. வாசித்தவர்கள் யார்? பார்சிகள், கோவாக்காரர்கள், கடற்படை பேண்டு ஆட்கள். கோவாக்காரர்களில் பலருக்குச் சினிமா ஒலிப்பதிவுதான் சோறு. இது எனக்கு நன்றாகப் புரியும். பகலில் காதல் பாட்டுக்கு வில் போட்டுவிட்டு, சாயங்காலம் பேத்தோவனுக்குப் போவார்கள்.

ஒத்திகை வீட்டிலேயே நடக்கும். பிள்ளைகள் விளையாடும் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து குவார்டெட் வாசித்துக்கொண்டிருப்பார்கள். நம் வீடுகளில் குழந்தை பேச்சு வருவதற்கு முன்பே சரளி வரிசை கேட்டு வளருமே, அந்த மாதிரி. 1945-ல் அப்பா திடீரென்று நியூயார்க் போனார். இவான் காலமியன் என்ற பெரிய வாத்தியாரிடம் படிக்க. அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைகள், சொந்த ஆர்கெஸ்ட்ரா எல்லாம் இருந்தும் 'நான் வாசிப்பது போதாது' என்று மறுபடி மாணவனாகப் போய் உட்கார்ந்தார். நாலைந்து வருஷம் கழித்துத் திரும்பியபோது ஜூபின் வளர்ந்துவிட்டிருந்தார். பதினாறு வயதில் அப்பாவின் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒத்திகையில் கை காட்டும் அளவுக்கு.

பின்னால் மெஹ்லி இங்கிலாந்து போய் மான்செஸ்டரின் ஹாலே ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தார். அப்புறம் அமெரிக்கா. லாஸ் ஏஞ்சலஸில் 1964-ல் இளைஞர் ஆர்கெஸ்ட்ரா ஒன்றைத் தொடங்கி முப்பது வருஷத்துக்கும் மேல் நடத்தினார். 2002-ல் காலமானார். மகன் பேர் உலகம் முழுக்கத் தெரியும். ஆனால் அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேருக்கு முதலில் வில் பிடித்த கையைத் திருத்தியவர் இந்தக் கிழவர்தான்.

டாக்டருக்குப் படிக்கப் போனவர் என்கிறார்களே, நிஜமா?
- வாசகி, கோவை

நிஜம். பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் மருத்துவத்துக்கு முந்தைய படிப்பு ரெண்டு வருஷம். அம்மாவுக்குப் பிள்ளை டாக்டராக வேண்டும். எந்த ஊர் அம்மாவுக்குத்தான் வேண்டாம்? 1954-ல், பதினெட்டு வயதில், அதை விட்டுவிட்டு வியன்னா போய் இசைக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட வாத்தியம் டபுள் பாஸ். ஆளை விடப் பெரிய வயலின் மாதிரி இருக்குமே, நின்றுகொண்டே வாசிப்பார்கள், அது. யாரும் கவனிக்காத வாத்தியம். ஆனால் ஆர்கெஸ்ட்ராவின் அஸ்திவாரம் அதுதான். கண்டக்டர் ஆகப் போகிறவன் அந்தக் கோடியில் நின்று எல்லோரையும் பின்னாலிருந்து கேட்டது எவ்வளவு நல்லது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கை காட்டும் கலையைச் சொல்லிக்கொடுத்தவர் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி. கண்ணுக்கு அழகாக ஆடுவது அவரிடம் செல்லாது. ஸ்கோரைத் துண்டு துண்டாகப் பிரித்து, எது எதன்மேல் நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தால்தான் கையைத் தூக்கலாம்.

அதே வகுப்பில் இத்தாலியிலிருந்து வந்த ஒரு பையன், கிளாடியோ அபாடோ. பின்னால் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவையே ஆண்டவர். பெரிய கண்டக்டர்களின் ஒத்திகையை உட்கார்ந்து பார்க்க ரெண்டு பேருக்கும் ஆசை. ஒத்திகைக்கு வெளியாளை விடமாட்டார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? கச்சேரிக்குக் கோரஸ் பாடும் பாட்டுக் குழுவில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்! பாஸ் குரல் வரிசையில் நின்று பாடிக்கொண்டே, நேர் எதிரே புருனோ வால்டரையும் காராயனையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்பவர்களுக்கு முதுகு தெரியும். இவர்களுக்கு முகம் தெரிந்தது.

1956-ல் ஹங்கேரியில் கிளர்ச்சி நசுக்கப்பட்டு அகதிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்தார்கள். மேத்தா ஏழே நாளில் மாணவர்களைச் சேர்த்து ஒரு ஆர்கெஸ்ட்ரா அமைத்து, வியன்னாவுக்கு வெளியே இருந்த முகாமில் கச்சேரி செய்தார். அப்போது அவருக்கு வயது இருபது.

இருபத்தாறு வயதில் லாஸ் ஏஞ்சலஸ் ஆர்கெஸ்ட்ராவுக்குத் தலைவர். யாருடைய சிபாரிசு?
- வங்கி ஊழியர், மதுரை

சிபாரிசு இல்லை. காய்ச்சல். அதுவும் அவருடையது அல்ல, அடுத்தவருடையது.

1958-ல் லிவர்பூலில் நடந்த போட்டியில் முதல் பரிசு வாங்கினார். பரிசு என்பது அந்த ஊர் ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வருஷத்துக்கு உதவிக் கண்டக்டர் வேலை. அதே வருஷம் அமெரிக்காவில் டேங்கிள்வுட்டில் இன்னொரு போட்டி. அதில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியது பாட்டுக் குழுத் தோழர் அபாடோ. லிவர்பூல் வருஷம் முடிந்ததும் கையில் வேலை கிடையாது. கல்யாணமும் ஆகியிருந்தது.

இனிமேல்தான் கதை. 1960-ல் மாண்ட்ரியலில் கச்சேரி நடத்த வேண்டிய கண்டக்டர் இகோர் மார்க்கெவிச் வர முடியவில்லை. மேத்தா போனார். 1961 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிரிட்ஸ் ரெய்னருக்கு உடம்பு சரியில்லை. மேத்தா போனார். அதே வருஷம் இஸ்ரேலில் யூஜின் ஆர்மண்டி வரவில்லை. மேத்தா போனார். மூன்று இடத்திலும் 'இவன் யார்?' என்று பார்த்தவர்கள், 'இவனே இருக்கட்டும்' என்றார்கள். மாண்ட்ரியலில் 1961-லிருந்து ஆறு வருஷம், லாஸ் ஏஞ்சலஸில் 1962-லிருந்து பதினாறு வருஷம். இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்குடன் 2019 வரை அரை நூற்றாண்டு. எல்லாம் ஆள் வராத நாளில் பிடித்த இடம்.

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு குட்டிக் கலாட்டாவும் உண்டு. அங்கே தலைவராக ஒப்பந்தமாகியிருந்தவர் ஜார்ஜ் ஷோல்டி. அவரைக் கேட்காமலேயே நிர்வாகம் மேத்தாவுக்கு உதவிக் கண்டக்டர் பதவி கொடுத்துவிட்டது. 'என் வீட்டுக்கு என்னைக் கேட்காமல் ஆள் வைப்பதா' என்று ஷோல்டி பொறுப்பேற்காமலேயே விலகினார். உதவியாளராக வந்தவர் தலைவர் ஆனார். ஷோல்டி கோபித்துக்கொண்டது நியாயம்தான். மேத்தா ஒன்றும் சதி செய்யவில்லை, இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் ஆளாகப் போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என்னையும் கூடத்துக்கு அப்படித்தான் கூப்பிட்டார்கள். இரண்டாம் வயலினில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை. காலை ஆறரைக்குப் பக்கத்து மளிகைக் கடைப் போனில் அழைப்பு, ஏழரைக்கு உள்ளே உட்கார வேண்டும். எனக்கு முன்னால் இருந்தது ஒரு பக்கத் தாள். அதற்கே கை நடுங்கியது. கண்டக்டருக்கு முன்னால் இருப்பது நூறு பக்க ஸ்கோர், தெரியாத ஊர், பெயர்கூடத் தெரியாத எண்பது பேர். அவர்களுக்குச் சுத்தமாக நம்பிக்கை இருக்காது. வாத்தியக்காரர்கள் எவ்வளவு பொல்லாதவர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நானும் ஒருவன். புது ஆள் வந்தால் வேண்டுமென்றே ஒரு ஸ்வரத்தைத் தப்பாக வாசித்து, கண்டுபிடிக்கிறாரா என்று பார்ப்போம். அந்த நாலு ஒத்திகைக்குள் எண்பது பேரைத் திருப்ப வேண்டும் என்றால், அந்த ஸ்கோர் பல மாதம் முன்பே தலைக்குள் ஏறியிருக்க வேண்டும். மேத்தா பெரும்பாலும் ஸ்கோரைத் திறக்காமலே நடத்துபவர். அழைப்பு வந்த பிறகு படிக்க அவகாசம் இருந்திருக்காது.

ஆபராவிலும் அதே வேலைதானே? ஏன் தனியாகச் சொல்கிறார்கள்?
- இசை ஆசிரியை, பாண்டிச்சேரி

ஆபரா என்றால் பாடியே நடிக்கும் நாடகம். அதே வேலைதான், ஆனால் பள்ளத்தில் நின்று. ஆர்கெஸ்ட்ரா மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். மேலே பாடுகிறவர்கள் நடப்பார்கள், படி ஏறுவார்கள், கத்தியால் குத்துவார்கள், செத்து விழுவார்கள். அத்தனையும் செய்துகொண்டே பாட வேண்டும். பாடகிக்கு இன்றைக்கு மூச்சு குறைவாக இருக்கிறது என்று அவள் தோளைப் பார்த்தே கண்டுபிடித்து, கீழே எண்பது பேரைக் கொஞ்சம் வேகமாக நகர்த்த வேண்டும். பக்கவாத்தியம் வாசிப்பவர் பாடகரைப் பார்த்துக்கொண்டே இருப்பார் இல்லையா? அதை எண்பது பேர் சார்பில் ஒருவர் செய்கிறார்.

புச்சினியின் 'டோஸ்கா' என்ற ஆபராவில் ஒரு இடம். இரண்டாம் அங்கத்தில் வில்லன் அறையில் இருக்கிறான். வெளியே எங்கோ கச்சேரி நடக்கிறது, ஜன்னல் வழியாகக் கேட்கிறது. அவன் எரிச்சலில் ஜன்னலைச் சாத்துவான், அந்தப் பாட்டு அறுந்து நிற்கும். அந்தக் கோரஸ் மேடைக்குப் பின்னால் நிற்கும். அவர்களுக்குக் கண்டக்டர் தெரியமாட்டார். அங்கே ஒரு உதவிக் கண்டக்டர் தொலைக்காட்சித் திரையில் இவர் கையைப் பார்த்து அவர்களுக்குக் காட்டுவார். ஒலி தூரத்திலிருந்து வர நேரமாகும் என்பதால் அவர்கள் ஒரு இழை முந்திப் பாடினால்தான் அரங்கில் சரியாக வந்து விழும்.

இதே 'டோஸ்கா'வை 1992 ஜூலையில் ரோமில் ஒரு விபரீத முயற்சியாகச் செய்தார்கள். கதை நடக்கும் உண்மையான இடங்களில், கதை சொல்லும் அதே நேரத்தில், நேரடி ஒளிபரப்பு. முதல் அங்கம் பட்டப்பகலில் தேவாலயத்தில், இரண்டாவது ராத்திரி அரண்மனையில், மூன்றாவது விடியற்காலையில் கோட்டை மொட்டை மாடியில். பாடியவர்கள் அங்கே. மேத்தாவும் ஆர்கெஸ்ட்ராவும் வேறிடத்தில், வானொலிக் கூடத்தில்! பாடகர்கள் திரையில் அவர் கையைப் பார்த்துப் பாட, அவர் திரையில் அவர்கள் வாயைப் பார்த்து வாசிக்க வைத்தார். பிளாசிடோ டொமிங்கோவும் காத்தரின் மால்ஃபிடானோவும் பாடினார்கள். எங்கள் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பாடுகிறவர் அரை வினாடி பிந்தினாலே ஆளாளுக்குத் தலையில் கை வைப்போம். இது ஊருக்கு அந்தப் பக்கம். அந்த ஒளிப்பதிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

1998-ல் பெய்ஜிங் அரண்மனை வளாகத்தில் 'டூராண்டாட்' நடத்தினார். சீனத்து இளவரசி கதை, இயக்கியது சினிமா இயக்குநர் ஜாங் யிமோ. அதே வருஷம் முதல் 2006 வரை மியூனிக்கில் பவேரிய அரசு ஆபராவின் இசைத் தலைவர். ஃபிளாரன்ஸில் 1985 முதல் முப்பது வருஷத்துக்கும் மேல். கணக்குப் பார்த்தால் பிற்பாதி வாழ்க்கை பெரும்பாலும் பள்ளத்தில்தான்.

ஒரே புகழ் மழையாக இருக்கிறதே. குறையே கிடையாதா?
- வாசகர், சேலம்

உண்டு. 1967-ல், முப்பது வயது தாண்டிய புதிதில், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவைப் பற்றி வாய்விட்டார். பிடிக்காத கண்டக்டரை ஒழிக்க வேண்டுமானால் அங்கே அனுப்பினால் போதும் என்ற மாதிரி. வாத்தியக்காரர் சங்கம் சும்மா விடுமா? போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவென்றால், 1978-ல் அதே ஆர்கெஸ்ட்ராவுக்குத் தலைவராகி 1991 வரை பதின்மூன்று வருஷம் இருந்தார். நவீன காலத்தில் அங்கே அவ்வளவு நாள் யாரும் நிலைத்ததில்லை. ஆனால் அந்த ஊர் விமர்சகர்கள் விடவில்லை. பகட்டு, சத்தம், ஆழம் இல்லை என்று வருஷக்கணக்கில் எழுதினார்கள்.

ரோமில் 1990-ல் உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு முந்தின இரவு, மூன்று டெனர் (உச்சஸ்தாயி ஆண் குரல்) பாடகர்கள் கச்சேரியை நடத்தியதற்கும் ஏச்சு கிடைத்தது. ஜனரஞ்சகமாம்! என்னைக் கேட்டால் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் சில நாள் அவரிடம் பகட்டு இருந்தது உண்மை. ஆர்கெஸ்ட்ராவின் பித்தளை வாத்தியங்களை அவர் அடக்கியே வாசிக்க வைத்ததில்லை என்று தோன்றும். அதே பித்தளைதான் 1975-ல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு அவர் பதிவு செய்த மாலரின் இரண்டாம் சிம்பொனியில் கூரையைப் பிய்க்கிறது. அந்த ரிக்கார்டைத் தீப்பிடிப்பதற்கு முந்தைய மூர் மார்க்கெட்டில், உறை இல்லாமல், பதினெட்டு ரூபாய்க்கு வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கீறல் உண்டு. இன்றைக்கும் எந்தப் பதிவைக் கேட்டாலும் அந்த இடம் வரும்போது என் மனதுக்குள் ஒரு 'டக்'.

பார்சிக்காரருக்கும் இஸ்ரேலுக்கும் என்ன சம்பந்தம்? அங்கே வாக்னர் வாசித்து அடிதடியாமே?
- வழக்கறிஞர், திருச்சி

1967 போரின்போது மற்றவர்கள் அந்த நாட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருக்க, இவர் ஆயுதப் பெட்டி ஏற்றிய விமானத்தில் ஏறி உள்ளே போனார். அந்த ஜூனில் பியானோக்காரர் டேனியல் பாரன்பாய்முக்கும் செல்லோ வாசிக்கும் ஜாக்குலின் டு ப்ரேவுக்கும் ஜெருசலேமில் யூத முறைப்படி கல்யாணம். சாட்சிக்கு யூதர்தான் நிற்கலாம். இவர் 'மோஷே கோஹன்' என்ற பெயரில் நின்றார்! ரெண்டு வருஷம் கழித்து லண்டனில் இதே நண்பர்கள் ஷூபர்ட்டின் 'டிரௌட்' ஐவர் இசையை வாசித்தபோது, மேத்தா மூலையில் பழைய டபுள் பாஸோடு நின்றார். படமாகவே இருக்கிறது, தேடிப் பாருங்கள். உலகப் புகழ் வந்த பிறகும் அந்த ஆள் அந்த மூலையில் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்!

வாக்னர் விஷயம் 1981 அக்டோபர், டெல் அவிவ். வாக்னர் ஜெர்மன் இசையமைப்பாளர், யூத வெறுப்பு எழுதியவர், ஹிட்லருக்குப் பிடித்தவர். அங்கே அவர் இசையை வாசிப்பதில்லை என்று ஒரு வழக்கம். கச்சேரி முடிந்ததும் மேத்தா சபையைப் பார்த்து, அடுத்து வாக்னர், வேண்டாதவர்கள் எழுந்து போகலாம் என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார். ஒரே கூச்சல். அரங்கில் இடம் காட்டும் ஊழியர் ஒருவர் மேடைக்கு வந்து சட்டையைத் தூக்கி உடம்பிலிருந்த தழும்பைக் காட்டினார். வாக்னரை ஒரு ஆர்கெஸ்ட்ரா வாசிக்காமலே இருந்தால் அதன் படிப்பு பாதிதான் என்று மேத்தா நினைத்தது எனக்குப் புரிகிறது. ஆனால் டிக்கெட்டில் இல்லாததை, கடைசியில், கதவைக் காட்டிவிட்டு வாசித்தது சரியில்லை. அந்தத் தழும்புக்காரர் அங்கே வேலைக்கு வந்தவர். அவர் எங்கே எழுந்து போவார்?

2013-ல் ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில் பவேரிய ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தபோதும் எதிர்ப்பு, கடையடைப்பு. போகிற இடமெல்லாம் பாட்டு மட்டும் தனியாக வருவதில்லை.

நம் சங்கீதத்தோடு அவருக்கு ஏதாவது உறவு?
- நாதஸ்வரக் கலைஞர், தஞ்சாவூர்

உண்டு ஐயா. 1981-ல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் வாசிக்க, ரவிசங்கரின் இரண்டாம் சிதார் கான்செர்ட்டோ (சிதாரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது), 'ராக மாலா', இவர் தலைமையில் அரங்கேறியது. லலித், பைராகி, யமன் கல்யாண், மியான் கி மல்ஹார் என்று நாலு பகுதி. பைராகி என்றால் உங்கள் ரேவதிதான். 1985-ல் அதே ஆர்கெஸ்ட்ரா எல். சுப்பிரமணியத்தின் 'ஃபேண்டஸி ஆன் வேதிக் சாண்ட்ஸ்' வாசித்தது. நம் லட்சுமிநாராயணாவின் மகன், யாழ்ப்பாணத்தில் வளர்ந்து சென்னைக்கு வந்தவர். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குக்கு முன்னால் கர்நாடக வில் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று செய்தி வந்த நாளில் எங்கள் கூடத்தில் வயலின்காரர்களுக்கு ரெண்டு இட்லி கூட இறங்கியது.

2005 டிசம்பர் 26, சுனாமி வந்து சரியாக ஒரு வருஷம். அன்றைக்குப் பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ராவோடு சென்னை மியூசிக் அகாடமியில் கச்சேரி செய்தார். நான் அப்போது மகள் பிரசவத்துக்காக நாக்பூரில் இருந்தேன். பேத்தி மறுநாள்தான் பிறந்தாள். அவளிடம் இதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவேன்.

அவர் முதல் மனைவி அவர் தம்பியையே கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்விப்பட்டேன்.
- பெயர் வெளியிட விரும்பாதவர், சென்னை

ஆமாம். கனடாப் பாடகி கார்மென் லாஸ்கி. 1964-ல் விவாகரத்து, பிறகு தம்பி ஜரினைக் கல்யாணம் செய்துகொண்டார். அண்ணன் தம்பி உறவு கெடவில்லை. ஜரின் கணக்காளர், பின்னாளில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் நிர்வாகத் தலைவராகவே ஆனார். ஜூபின் 1969-ல் நடிகை நான்சி கோவாக்கை மணந்தார். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

அமெரிக்காவிலேயே இருந்தவருக்கு நம் சாப்பாடு பிடிக்குமா?
- வாசகி, விருதுநகர்

மிளகாய் இல்லாமல் நகரமாட்டார். எந்த விருந்துக்குப் போனாலும் கையோடு மிளகாய் கொண்டுபோவது ஊரறிந்த கதை. லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் தானே வளர்த்தார். கிரிக்கெட் பைத்தியம் வேறு. இந்தியப் பாஸ்போர்ட்டையும் விடவில்லை.

என் மகனுக்குப் பதினொரு வயது. கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறான். கண்டக்டர் ஆக வேண்டுமாம். என்ன கற்றுக்கொடுப்பது?
- ஒரு தாய், தாம்பரம்

ஆட்டட்டும், தடுக்காதீர்கள். கூடவே பியானோவோ கீபோர்டோ ஒன்று, ஆர்கெஸ்ட்ராவில் உட்காரும் வாத்தியம் ஒன்று. பக்கத்துத் தேவாலயத்தில் நாலு குரலில் பாடும் குழு இருந்தால் அதில் சேர்த்துவிடுங்கள். தன் வரியைப் பாடிக்கொண்டே பக்கத்தவன் வரியைக் கேட்கும் பழக்கம் அங்கேதான் வரும்.

அப்புறம் ஒரு வேலை. மேத்தா பம்பாயில் தட்டு ரிக்கார்டுகள் கேட்டு வளர்ந்தவர். வியன்னா போய் நேரில் கேட்ட முதல் பெரிய கச்சேரி கார்ல் பேம் நடத்திய பிராம்ஸின் முதல் சிம்பொனி. அதன் முதல் நிமிஷத்தை மட்டும் இணையத்தில் எடுத்துப் போடுங்கள். ஸ்கோரும் இலவசமாகக் கிடைக்கும், அச்செடுத்துக் கையில் கொடுங்கள். மூன்று விஷயம் ஒரே சமயத்தில் நடக்கும். வயலினும் செல்லோவும் படிப்படியாக மேலே ஏறும். காற்று வாத்தியங்கள் அதே நேரத்தில் கீழே இறங்கும். இரண்டுக்கும் அடியில் டிம்பனி முரசு ஒரே ஸ்வரத்தை இடித்துக்கொண்டே இருக்கும், நகரவே நகராது. முதல் நாள் ஏறுவதை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். மறுநாள் இறங்குவதை. மூன்றாம் நாள் முரசை. அந்த முரசோடு சேர்ந்து அதே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வாத்தியம் ஸ்கோரின் கடைசி வரியில் இருக்கும். டபுள் பாஸ். அதைக் கண்டுபிடித்தானா என்று எனக்கு எழுதுங்கள்.